காமப் புனைவு நூல்களைத் தேர்ந்தெடுத்துச் செம்மையாக்குதல்: கைப்பிரதி முதல் கடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காமப் புனைவுக்கென்று தனி இம்பிரிண்ட் (பதிப்பகத்துக்குள் தனிப் பெயரில் வரும் நூல்வரிசை) தொடங்கும் பதிப்பகங்களில் புதிதாகச் சேரும் எடிட்டர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கைப்பிரதி வந்ததும் படுக்கையறைக் காட்சிகளைத் தேடிப் போய் அங்கிருந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு சொல்லை மழுப்புகிறார்கள், இன்னொன்றைக் கூர்மையாக்குகிறார்கள்; பிறகு கதையின் நடுப்பகுதியே மாறவேண்டும் என்று தெரியவரும்போது அந்த உழைப்பு முழுவதும் வீணாகிறது. நாயகியின் வயதிலோ கதையின் உரிமையிலோ சிக்கல் இருப்பது பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு தெரியவந்தால் இழப்பு இன்னும் பெரிது.

ஆகவே இந்த வழிகாட்டி வேலையின் வரிசையைப் பற்றியே அதிகம் பேசுகிறது. புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு பதிப்பகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், வேறு ஊரில் இருப்பவர்களும் வரிசையை மாற்றாமல் பின்பற்றலாம்.

1. எல்லைப் பக்கத்தை எழுதுதல்

இம்பிரிண்ட் எதை வெளியிடும், எதை எந்நிலையிலும் வெளியிடாது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, வேலை செய்யும் அனைவரும் படித்துக் கையொப்பமிட்ட பிறகே கைப்பிரதிகளை வரவேற்க வேண்டும். எழுதாமல் மனத்தில் வைத்திருக்கும் எல்லை, நல்ல நடையில் ஒரு கைப்பிரதி வந்து நின்றதும் அதற்காகச் சற்று நகர்ந்துகொடுக்கும். அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் நகரும்.

முதல் வரி மாற்றத்துக்கு இடமில்லாதது. பாலுறவிலோ, பாலியல் ஈர்ப்புக்குரியவராகக் காட்டப்படும் எந்தச் சூழலிலோ இடம்பெறும் ஒவ்வொரு பாத்திரமும் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்; இது பழைய நினைவுகளாகச் சொல்லப்படும் பகுதிகளுக்கும் பொருந்தும். இரண்டாவது, வன்புணர்வையும் வற்புறுத்தலையும் வாசகர் சுவைப்பதற்கான பண்டமாக வைப்பதில்லை என்பது. ஒரு பாத்திரம் வன்முறையைக் கடந்து வந்தவராக இருக்கலாம்; ஆனால் அந்த வன்முறையே கிளர்ச்சிக்காக விரித்து எழுதப்பட்டிருந்தால் கைப்பிரதி திரும்பிப் போக வேண்டும். மூன்றாவது, திரைக்கலைஞர்கள் உட்பட உண்மையான மனிதர்கள் எவரும் பாத்திரமாகக் கூடாது என்பது.

நான்காவதாக உறவுமுறை. இதில் தமிழ்ப் பதிப்பகம் தானே யோசித்து முடிவெடுத்தாக வேண்டும், ஏனெனில் பிறமொழிப் பதிப்பகங்களின் விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் அத்தை மகளும் மாமன் மகனும் காதலிக்கும் கதை கூடத் தடைப்பட்டியலில் சேர்ந்துவிடும். முறை உள்ளவர்கள், முறை இல்லாதவர்கள் என்ற வேறுபாட்டைப் பக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள். அண்ணி, சித்தி என்று தொடங்கும் கதைகள் இணையத்தில் குவிந்து கிடப்பதால் அவை கைப்பிரதியாகவும் வந்து குவியும். அவற்றை ஏற்பதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் வாசிப்பு நேரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.

2. சட்டத்தின் அடிப்படையை எடிட்டரே அறிந்துகொள்ளுதல்

வழக்கறிஞர் பார்ப்பார் என்று விட்டுவிடுவது தவறு. வழக்கறிஞரிடம் நூல் போய்ச் சேர்வதற்கு முன் நூறு முடிவுகளை எடிட்டர் எடுத்திருப்பார்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு ஆபாச நூல்களின் விற்பனையையும் வெளியீட்டையும் குற்றமாக்குகிறது. முதல் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் ஆகும். 18 வயது நிறையாதவருக்கு அத்தகைய நூலை விற்பது 295-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். 294-ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு: அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலன் கருதிப் பொதுநன்மைக்காக வெளியிடப்பட்டது என்று நிறுவப்படும் நூலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. காமப் புனைவைப் பதிப்பிப்பவர் காலூன்றி நிற்கும் நிலம் இந்த விலக்குதான். பின்னால் சொல்லப்போகும் கோப்பு வேலைகள் பலவற்றுக்கும் காரணம் இதுவே.

மின்நூலாக வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 67, 67ஏ பிரிவுகளும் சேர்ந்துகொள்கின்றன. வெளிப்படையான பாலியல் செயல் பற்றிய 67ஏ பிரிவில் முதல் தண்டனையே ஐந்து ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்பதால், அச்சு நூலுக்குத் துணிந்த பதிப்பகம் மின்நூலுக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. இலக்கிய விலக்கு இங்கும் உண்டு என்றாலும் தண்டனையின் அளவை மறந்துவிடக் கூடாது. சிறாரைப் பற்றிய 67பி பிரிவு படங்களோடு நிற்பதில்லை, எழுத்தையும் உள்ளடக்குகிறது.

எது ஆபாசம் என்பதை நீதிமன்றங்கள் முடிவுசெய்யும் முறை மாறிவந்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் சமரேஷ் போஸ் வழக்கில், கொச்சையானது எல்லாம் ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-ஆம் ஆண்டின் அவீக் சர்க்கார் வழக்கில் எளிதில் கெடக்கூடிய மனங்களைப் படைப்பு கெடுக்குமா என்று பார்க்கும் பழைய ஹிக்ளின் அளவுகோலைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் அளவுகோலைக் கொண்டு படைப்பை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றது. எடிட்டருக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்றுதான்: பிய்த்தெடுத்த ஒரு பத்தியை விட முழுநூல் வலுவானது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதி, கடலூர் தமிழ்நாடு. ஆயினும் மேற்சொன்னவை மத்தியச் சட்டங்கள்; இரண்டு ஊருக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில் இருப்பதே. எல்லையைத் தாண்டி அலுவலகத்தை மாற்றுவதால் எதுவும் மாறாது என்பதை, அப்படி யோசிக்கும் சிலருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

3. உடன் வேலை செய்பவர்களின் சம்மதம்

மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் வடிவமைப்பவர், கணக்கு எழுதுபவர் ஆகியோரிடம் இத்தகைய நூல்களில் வேலை செய்யச் சம்மதமா என்று முதலிலேயே தனித்தனியாகக் கேளுங்கள். மறுப்பவருக்கு வேறு நூல்களைக் கொடுங்கள். கேட்காமல் கையில் கொடுத்தால் வேலை பாதியில் நிற்கும். அதைவிடவும், பாலியல் உரையை விரும்பாத பெண் பணியாளர் மீது திணிப்பது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகாராகவும் வரக்கூடும்.

4. கைப்பிரதி கேட்டல்

அறிவிப்பில் எல்லைப் பக்கத்தின் சாரத்தை அப்படியே போடுங்கள். யூனிகோடு எழுத்துருவில், வேர்டு கோப்பாக, முழுக் கதையின் முடிவையும் சொல்லும் ஒரு பக்கச் சுருக்கத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய கோப்பை மாற்றும்போது ஒற்றுகளும் குறிகளும் சிதைந்து, எழுத்தாளரின் பிழை எது மாற்றியின் பிழை எது என்று தெரியாமல் போகும்.

எழுத்தாளர் 18 வயது நிறைந்தவர் என்ற ஒருவரி உறுதிமொழியும், இக்கதை இதற்குமுன் எந்தத் தளத்திலாவது எந்தப் பெயரிலாவது வெளியானதா என்ற கேள்விக்கான பதிலும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது நல்லது. பதிப்பகத்தின் பொது முகவரியைப் பலரும் திறப்பார்கள், எழுத்தாளரின் அடையாளம் அங்கேயே கசிந்துவிடும்.

5. முதல் வாசிப்பு

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடக் கூடாது. முழுவதும் ஒரு முறை வாசித்து, காமக் காட்சி வரும் பக்க எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கேள்விகள். அந்தப் பக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டால் கதைக்கு ஏதாவது குறைகிறதா? அந்தப் பக்கங்கள் மட்டுமே மிஞ்சினால் யாருடைய கதை என்று தெரிகிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் காட்சிகள் பின்னால் ஒட்டப்பட்டவை. இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால் பாத்திரங்களுக்குப் பெயர் மட்டுமே இருக்கிறது. இரண்டிலும் தேறுவதே வாங்கத்தக்கது.

புதியவர்கள் பெரும்பாலும் காட்சியின் சூட்டை வைத்து மதிப்பிடுகிறார்கள். அது வாசிப்பவரின் மனநிலையைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். ஆகவே ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவராவது தனித்தனியே வாசித்து, ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்காமல் எழுதித் தர வேண்டும். ஒருவருக்குக் காதலாகத் தெரிந்த காட்சி மற்றவருக்கு வற்புறுத்தலாகத் தெரிந்தால், அந்தக் காட்சியைப் பற்றித்தான் பிறகு எழுத்தாளரோடு முதலில் பேச வேண்டியிருக்கும்.

இந்தக் குறிப்புகளைத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். நூலின் இலக்கியத் தகுதியைப் பதிப்பகம் வெளியீட்டுக்கு முன்பே ஆராய்ந்தது என்பதற்கு நாளை அவைதான் சான்று.

6. வயதும் மூலமும் சரிபார்த்தல்

இந்தப் படியைத் தேர்வுக்குப் பின் தள்ளிவைப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகவும் செலவு வைக்கும் பழக்கம். ஒப்பந்தத்துக்கு முன், கட்டாயமாக இதைச் செய்ய வேண்டும்.

வயதுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். பாத்திரத்தின் பெயர், கதை நிகழும் ஆண்டு, வயதைச் சுட்டும் ஒவ்வொரு குறிப்பும் அது வரும் பக்கமும். எழுத்தாளர்கள் வயதை எண்ணாகச் சொல்வது அரிது. பிளஸ் டூ தேர்வு, தாவணி, கல்லூரியில் முதலாண்டு, திருமணமாகி இத்தனை வருடம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 30 வயது நாயகி தன் முதல் காதலை நினைத்துப்பார்க்கும் அத்தியாயத்தில் அவள் பள்ளிச் சீருடையில் இருந்தால், அந்த அத்தியாயத்தில் பாலியல் சாயல் ஒரு வரி கூட இருக்கக் கூடாது. சிலர் வயதை மட்டும் 18 என்று திருத்திவிட்டுச் சீருடையையும் வகுப்பறையையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எண் மாறியும் வாசகர் கண்முன் நிற்பது சிறுமிதான் என்றால் திருத்தம் நடக்கவில்லை. அந்த அத்தியாயம் நீங்க வேண்டும், அல்லது பாத்திரத்தின் வாழ்க்கையே பல ஆண்டுகள் முன்னே நகர வேண்டும்.

மூலத்துக்கு, கைப்பிரதியின் முன், நடு, பின் பகுதிகளிலிருந்து தனித்தன்மையுள்ள சில வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள். தமிழில் பெயர் இல்லாமல் உலவும் கதைகள் ஏராளம். ஒருவர் எழுதியதை மற்றவர் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது நடக்கிறது. நடையே சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்க்காரர் என்று சொல்லப்பட்ட நாயகன் குளிர்காலத்தில் கணப்பருகே அமர்ந்தால், அல்லது உரையாடல் மட்டும் பேச்சுத்தமிழாகவும் விவரணை மொழிபெயர்ப்பு வாடையோடும் இருந்தால், கதை வேறு மொழியிலிருந்து இறங்கியிருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் முதல் வரைவைக் கேளுங்கள். தானே எழுதியவரிடம் ஏதோ ஒரு பழைய வரைவு இருக்கும்.

7. கணக்குப் பார்த்தல்

டெமி என்ற வழக்கமான நூல் அளவில் 160 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத்தொகுதி) பத்து. ஃபாரக் கணக்கில் பக்கத்தை முடிப்பது செலவைக் குறைக்கும் என்பது எல்லா நூலுக்கும் பொதுவானது. இவ்வகை நூலுக்குச் சிறப்பாகச் சேரும் செலவு மூன்று: வழக்கறிஞர் வாசிப்புக் கட்டணம், ஒவ்வொரு பிரதிக்கும் தனி உறை, சில கடைகள் வாங்க மறுப்பதால் நேரடி விற்பனைக்கு ஆகும் அஞ்சல் செலவு. இவற்றைச் சேர்க்காமல் விலை போட்டால் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. முதல் அச்சைத் தேவைக்கேற்ற அச்சு முறையில் சிறு எண்ணிக்கையாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. சிக்கல் எழுந்து திருத்த வேண்டி வந்தால் கிடங்கில் பெரிய குவியல் இருக்காது.

8. ஒப்பந்தமும் புனைபெயரும்

செம்மையாக்கத்தைத் தொடங்குவதற்கு முன் ஒப்பந்தம் கையொப்பமாக வேண்டும். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். பிரான்ஸில் இருக்கும் புதுச்சேரிக்காரர்கள் இங்கிருந்து நூல் வரவழைப்பார்கள் என்பதால், நிலப்பரப்பை எழுதாமல் விடுவது இந்த ஊரில் சிறிய மறதி ஆகாது. அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

எழுத்தாளர்களில் பலர் புனைபெயரில்தான் வருவார்கள். ஒப்பந்தம் உண்மைப் பெயரில், அடையாளச் சான்றோடு இருக்க வேண்டும். நூலிலும் அட்டையிலும் புனைபெயர். உண்மைப் பெயரை யார் யார் அறிவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்தப் பட்டியலை இருவருக்கு மேல் போகவிடாதீர்கள். அரசு ஊழியராகவோ ஆசிரியராகவோ இருந்தால், தம் பணி நடத்தை விதிகளைப் படித்துவிட்டுக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.

சிறிய விஷயம் ஒன்று பெரிய தொல்லை தரும். கூட்டுக்குடும்பத்தில் வீட்டுக்கு வரும் கூரியரை யார் வேண்டுமானாலும் பிரிப்பார்கள். மெய்ப்பைப் பிடிஎஃப் கோப்பாக மட்டும் அனுப்புவதா, எழுத்தாளர் பிரதிகளை எங்கே பெற்றுக்கொள்வார், எந்த எண்ணில் எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை ஒப்பந்த நாளன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

9. கட்டமைப்புச் செம்மை

இனித்தான் பேனா. முதல் சுற்றில் காமக் காட்சிக்குள் ஒரு சொல்லையும் தொடாமல், காட்சிகளின் இடத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்பும் பின்பும் இருவருக்கிடையே என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தக் காட்சி முந்தையதன் மறுபிரதி. சேர்க்க வேண்டும் அல்லது நீக்க வேண்டும்.

தமிழ்ச் சூழலில் காமக் கதையின் உண்மையான சிக்கல் பெரும்பாலும் தனிமைதான். மாமியார் பக்கத்து அறையில் இருக்கிறார், குழந்தை நடுவில் படுத்திருக்கிறது, லாட்ஜில் ஆதார் கேட்கிறார்கள், மாடிவீட்டுக்காரர் மொட்டைமாடியில் வற்றல் காயவைத்திருக்கிறார். புதிய எழுத்தாளர்கள் இவற்றை எல்லாம் ஒரே வரியில் ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டைக் காலியாக்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் கதையின் இறுக்கமே போய்விடுகிறது. அந்தத் தடைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆசை எவ்வளவு நேரம் காத்திருக்கிறதோ அவ்வளவு பக்கம் எழுத்தாளருக்குக் கிடைக்கும்.

இந்தச் சுற்றின் கருத்துகளைக் கடிதமாக எழுதி அனுப்புங்கள். எழுத்தாளர் திருத்தி அனுப்பும் வரை காட்சி வேலைக்குப் போகாதீர்கள்.

10. காட்சிச் செம்மை

இப்போது ஒவ்வொரு காட்சியையும் நின்று பார்க்கலாம். முதலில் சம்மதம். ஒருவர் தயங்குகிறார், பிறகு அடுத்த பத்தியில் இசைந்திருக்கிறார். நடுவில் அவர் மனம் மாறிய இடம் எங்கே? பல கைப்பிரதிகளில் அது இல்லை, ஏனெனில் பெண் மறுப்பது பாவனை என்று எழுதுபவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மாறிய இடத்தை ஒரு செயலாகவோ ஒரு சொல்லாகவோ எழுதித்தரக் கேளுங்கள். அறிக்கை போல ஒப்புதல் வாசகம் வேண்டியதில்லை. அவளே கதவைத் தாழிடுவது போதும்.

அடுத்து உடல்களின் இருப்பு. யார் எங்கே நிற்கிறார், கை எங்கே இருக்கிறது, எது அவிழ்ந்தது, எது அவிழவில்லை என்று பத்திவாரியாகக் குறியுங்கள். இரண்டு முறை அவிழும் ரவிக்கையும் திடீரென முளைக்கும் மூன்றாவது கையும் வாசகரைச் சிரிக்கவைத்துவிடும். சிரித்த பிறகு அந்தக் காட்சியை மீட்க முடியாது.

காட்சி நடக்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். காமத்தின் மீதே கண் வைத்திருக்கும் எடிட்டர் இதைத் தவறவிடுகிறார். இரவு எட்டு மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பைக்கில் இறுக அணைத்தபடி போகும் இணை ஒன்று அடிக்கடி வருகிறது. மாலை ஆறு மணியிலிருந்து அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் மறைய முத்தமிட்டுக்கொள்ளும் இணை இன்னொன்று. சோழமண்டலக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், ஊர்ப்பக்கம்தான் மறையும். உள்ளூர் வாசகர் இதில் தடுக்கினால் அடுத்து வருவதை எதையும் நம்ப மாட்டார்.

ஆணுறை, கருத்தடை, நோய் பற்றிய கவலை ஆகியவை கதையில் இருக்க வேண்டுமா என்பது எழுத்தாளரின் முடிவு. ஆனால் பின்பாதியில் கர்ப்பம் கதைத்திருப்பமாக வருகிறது என்றால் முன்பாதியில் அதற்கான விதை இருந்தாக வேண்டும்.

11. மொழிச் செம்மை

இங்கே எடிட்டரின் காது வேலை செய்ய வேண்டும். தமிழில் உடலுறுப்புகளுக்கும் செயல்களுக்கும் உள்ள சொற்கள் மருத்துவப் பாடநூலிலிருந்தோ, பழம்பாடல்களிலிருந்தோ, தெருச்சண்டையிலிருந்தோ வருகின்றன. மூன்றையும் ஒரே பத்தியில் கலப்பதுதான் பரவலான பிழை. எந்தப் பாத்திரம் எந்தத் தளத்தில் பேசும், கதைசொல்லி எந்தத் தளத்தில் நிற்பார் என்பதை எழுத்தாளரோடு பேசி, நடைத்தாளில் (நூலின் மொழி முடிவுகளைக் குறித்துவைக்கும் தாளில்) சொற்களாகவே எழுதிவையுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் தையற்கடை வைத்திருப்பவர் மனத்துக்குள் செவிலியர் போல நினைக்க மாட்டார். வசையாக வழங்கும் சொல்லைத் தனிமையில் கொஞ்சலாக மாற்றிக்கொள்ளும் இணைகள் உண்டு. அப்படி எழுத விரும்பினால் அந்தப் பழக்கம் அவர்களுக்குள் எப்படி வந்தது என்பதற்கு முன்னதாக ஓரிடம் வேண்டும்.

விளிப்பு இன்னும் நுட்பமானது. கணவனை எப்போதும் ‘நீங்க’ என்று அழைப்பவள் ஓரிரவில் ‘நீ’ என்று நழுவுவதே அந்தக் காட்சியின் உச்சமாக இருக்கலாம். எழுத்தாளர் கவனமில்லாமல் முன்னத்தியாயத்திலேயே ‘நீ’ போட்டிருந்தால் அது வீணாகிவிடும். ஆகவே விளிப்புகளை மட்டும் பார்ப்பதற்கென்று ஒரு முறை முழுப் பிரதியையும் ஓட்டுங்கள். ‘அண்ணா’ என்று அழைத்துப் பழகியவனை நாயகி காதலிப்பதாக இருந்தால், அந்த ‘அண்ணா’ எந்த வரியில் நிற்கிறது என்று வாசகர் கட்டாயம் தேடுவார். ‘டா’, ‘டி’ இருபக்கமும் ஓடுகின்றனவா, ஒருபக்கம் மட்டுமா என்பதும் யாருக்கு அங்கே அதிகாரம் என்பதைச் சொல்லிவிடும்.

இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ வரும் காட்சியில் ‘அவள்’, ‘அவன்’ குழப்பும். ஒவ்வொரு வரியிலும் பெயரைப் போட்டால் வருகைப்பதிவு வாசிப்பது போலாகிவிடும். தமிழில் எழுவாயை விட்டுவிட முடியும் என்பதைப் பயன்படுத்துங்கள்: ஒரு பத்தி முழுவதையும் ஒருவருடைய புலனுணர்வுக்குள் வைத்துவிட்டால் மற்றவர் மட்டுமே ‘அவள்’ ஆவார்.

மிச்சமிருப்பவை வேகமாக முடியும். தொடர்புள்ளிகளைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். மூச்சிரைப்பை எழுத்தில் காட்ட அவை போதா. மலர், நிலவு, தேன் உவமைகளைக் குறைக்கலாம். வினையடைகளை வெட்டினால் வினைச்சொற்கள் தாமே நிமிரும். ஒற்றுப்பிழை திருத்தத்தைக் கடைசிக்கு விடுங்கள், ஏனெனில் வாக்கியம் மாறும்போது ஒற்றும் மாறும்.

எல்லாத் திருத்தமும் வேர்டில் மாற்றங்களைக் காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதியில் தெரிய வேண்டும், எழுத்தாளர் ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தம் மதிப்புக்குக் கேடாகப் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையை எழுத்தாளருக்குத் தருகிறது. ஓரக்குறிப்புகளைப் பாத்திரத்தைப் பற்றியே எழுதுங்கள்: ‘இங்கே மீனா ஏன் திரும்புகிறாள்?’ என்பது சரி. எழுத்தாளரின் சொந்த அனுபவமா என்ற கேள்வி எந்த வடிவத்திலும் எழக் கூடாது. ஆண் எடிட்டரும் பெண் எழுத்தாளருமாக இருந்தால் கருத்துகள் எழுத்திலேயே போகட்டும், இன்னொருவருக்கும் அதன் நகல் போகட்டும்.

12. சட்ட வாசிப்பு

மொழிச் செம்மை முடிந்த பிறகு, பக்க வடிவமைப்புக்கு முன், முழு நூலையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். சந்தேகமான பக்கங்களை மட்டும் பிரித்துக் கொடுப்பது புதியவர்களின் வழக்கம். தனியே எடுத்த எந்தக் காட்சியும் குற்றமாகவே தெரியும். வாசிப்புக் குறிப்புகளையும் வயது அட்டவணையையும் கூடவே இணையுங்கள்.

ஆபாசத்தை விட வேறு கண்ணிகள்தாம் தமிழ்நாட்டில் அதிகம். 2016-இல் ஒரு தமிழ் நாவல் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்றது. ஆனால் அதற்குள் அவர் ஊரை விட்டே போகும்படி ஆகியிருந்தது. அங்கே கொந்தளிப்புக்குக் காரணமானவை உண்மையான ஊரும் உண்மையான கோயில் திருவிழாவும் சாதி மரியாதையும்தான். ஆகவே ஊர், தெரு, கோயில், பள்ளி, மருத்துவமனை, சாதிப்பெயர் ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றும் கதைக்குத் தேவையா என்று எழுத்தாளரைக் கேளுங்கள். தேவை என்றால் இருக்கட்டும். பழக்கத்தால் வந்தது என்றால் கற்பனைப் பெயர் போதும்.

13. அச்சகம், அட்டை, விற்பனை

அச்சகத்தாரிடம் பொருளை மறைக்காதீர்கள். பாதி அச்சில் இயந்திரம் ஓட்டுபவர் படித்துவிட்டு வேலையை நிறுத்தினால் தேதியும் போகும் காகிதமும் போகும். கைப்பிரதியைக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஓட்டத்தில் வீணாகும் தாள்களைத் துண்டாக வெட்டித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். இல்லாவிட்டால் அவை பழைய பேப்பர் கடை வழியாகப் பொட்டலமாகி எவர் வீட்டுக் குழந்தையின் கைக்கோ போய்ச் சேரும்.

அட்டையில் மாடல் படம் பயன்படுத்தினால் உரிமத்தை முழுவதும் படியுங்கள்; பாலியல் தொடர்பான நூலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பல பட நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. ஓவியமோ எழுத்தமைப்போ பாதுகாப்பானது, பெரும்பாலும் அழகானதும் கூட. பின்னட்டையில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற வரி, ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு மேலே தெளிவாக வர வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழியில் கட்டணமின்றிப் பெறலாம். அட்டைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கிண்டிலில் தமிழ் மின்நூல் வெளியிட முடியும். ஆனால் எந்தக் கடையும் பாலியல் உள்ளடக்கத்தைத் தன் விதிப்படி விலக்கவோ தேடலில் மறைக்கவோ செய்யலாம் என்பதால், விதிகளைப் படித்து, பதிவேற்றும்போது கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதில் கொடுங்கள். விளம்பரத்துக்கு முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ பகுதி வெளியிடும்போது காமக் காட்சியை எடுக்காதீர்கள். அச்சில் முழுநூலின் பகுதியாக இருக்கும் காட்சி, திரையில் தனித்துண்டாக நின்றதும் 67ஏ பிரிவின் முன் துணையில்லாமல் நிற்கும்.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருவார்கள். அங்கே இந்நூல்களை உறையோடு பின்வரிசையில், விற்பவரின் கைக்கு அருகே வைத்து, வயதில் சந்தேகம் இருந்தால் விற்கக் கூடாது என்று கடையில் நிற்கும் தம்பி தங்கைகளிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

14. வெளியான பிறகு

பொது நூலகங்களுக்கு நூல் ஒப்படைப்பது பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். காமப் புனைவு என்பதால் கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அனுப்பிய ரசீது, நூலை மறைவாக விற்கவில்லை என்பதைக் காட்டும்.

புகார் வந்தால் தொலைபேசியில் வாதிடாமல், எழுத்தில் கேட்டு வாங்கித் தேதியிட்டுப் பதிவுசெய்து வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். எழுத்தாளருக்கும் அன்றே தெரியப்படுத்துங்கள். அவருடைய உண்மைப் பெயரை யார் கேட்டாலும் நீதிமன்ற ஆணையோ சட்டப்படியான எழுத்துக் கோரிக்கையோ இல்லாமல் கொடுக்க வேண்டாம், அப்படி ஒன்று வந்தாலும் வழக்கறிஞர் பார்த்த பிறகே பதில் போக வேண்டும்.

இரண்டாம் அச்சுக்குப் போகும் முன் வயது அட்டவணையையும் பெயர்ப் பட்டியலையும் இன்னொரு முறை நூலோடு ஒப்பிடுங்கள். முதல் அச்சின் மெய்ப்பில் கடைசி நேரத்தில் நுழைந்த திருத்தங்கள் அந்தப் பட்டியல்களில் ஏறியிருக்காது.